மீதம் நாற்பது

"ஐந்நூத்தி இருவத்தாறு இருக்குதுங்க மாமா" என்றாள் பூங்கோதை, கேமராவின் முதுகைப் பார்த்தபடி. யாரும் கேட்கவில்லை. அது அவள் பழக்கம். முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் செய்தவள். ரோலில் இன்னும் எத்தனை மீட்டர் மிச்சம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை பார்த்த வாய், இப்போது கார்டில் இன்னும் எத்தனை படத்துக்கு இடமிருக்கிறது என்று சொல்கிறது. அவள் புருஷன் சென்னியப்பன் "ம்" என்றார். அவளிடமிருந்து இருபதடி தள்ளி, அணையின் மண்கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஸ்டாண்டில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். கருக்கம்பாளையம் அணை என்று பெயர், ஊர்க்காரர் வாயில் குளம்தான். கார்த்திகைக் கடைசி ஞாயிறு, பனி இன்னும் தண்ணீரைவிட்டு முழுக்க எழவில்லை, நாமக்கோழிகள், அந்தக் கறுப்பு நீர்ப்பறவைகள், நெற்றி வெள்ளையைக் காட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் ஏதோ சந்தைக்கு வந்தவை மாதிரி சலசலத்துக்கொண்டிருந்தன. ஐந்நூற்று இருபத்தாறு. காலிக் கார்டு என்றால் ஐந்நூற்று எண்பது காட்டும். ஆக விடிந்ததிலிருந்து ஐம்பத்து நாலு படம். ஐம்பத்து நாலு முறை அந்த டக். ஒவ்வொன்றையும் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அந்தக் கார்டில் அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியும். காலை ஐந்தே முக்காலுக்கு, காருக்குள் வைத்து, அதை அழித்தவரே அவர்தான்.

பழக்கதோஷம். அதுதான், பழக்கதோஷம், வேறொன்றுமில்லை. ஞாயிறு சாயங்காலம் இரண்டு கேமராக் கார்டையும் கழற்றிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, அடுத்த ஞாயிறு கிளம்பும்போது காரில் வைத்தே இரண்டையும் அழித்துக் காலியாக்கிக்கொள்வது, இது அவர் வேலை. பூங்கோதைக்கு அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போகப் பிடிக்காது. போன ஞாயிறு தன்னுடையதை ஏற்றினார். அவளுடையதை எடுத்துச் சொருகப் போகும்போது போன் வந்தது, எவனோ ஒருவனுடைய போர் மோட்டார் புகைந்துவிட்டதாம், இவர் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிற பாவத்துக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. கார்டைத் திரும்ப அவள் கேமராவிலேயே போட்டு வைத்தார், நாளைக்கு ஏற்றலாம் என்று. நாளைக்கு ஏற்றவில்லை. செவ்வாயும் ஏற்றவில்லை. புதன்கிழமை அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "என்ற கார்டை ஏத்திட்டீங்களா மாமா?" என்றபோது "ம்" என்றார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம்? ஏற்றிவிட்டேன் என்றா, ஏற்றுகிறேன் என்றா, கேட்டது காதில் விழுந்தது என்றா? அவரிடமே கேட்டாலும் அவருக்கே தெரியாது. இன்று காலை காரில் உள்விளக்கைப் போட்டு, முதலில் தன் கேமரா, மெனு, அழி, சரி. அப்புறம் அவளுடையது, மெனு, அழி, சரி. இரண்டு வினாடி. அவள் அந்நேரம் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள், பிளாஸ்க் கையிடுக்கில். அழித்து முடித்த பிறகுதான் ஞாபகமே வந்தது. வந்தவுடன் சொல்லியிருக்கலாம். அவள் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, "பனி கொல்லுதுங்க" என்று சொன்னபோது அவரும், "ஆமா" என்றுதான் சொன்னார்.

டக் டக் டக். எதை எடுக்கிறாள்? அங்கே நெடுங்கால் உள்ளான் நாலைந்து நிற்கிறது, அதையா? அதை எடுத்து என்ன ஆகப் போகிறது, எல்லாரும் எடுத்த பறவை. ஆனால் போன ஞாயிறும் அப்படித்தான் நினைத்தார். கார்டு தீரப்போகிற நேரம், "இன்னும் நாப்பதுதான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே அவள் சும்மா நாமக்கோழியைக் குறிவைத்துக்கொண்டிருந்தாள். இவர் தன் பெரிய லென்ஸை வைத்துக்கொண்டு அக்கரை ஊசிவால் வாத்துகளிடம் இருந்தார். சேற்றுப் பூனைப்பருந்து எந்தப் பக்கமிருந்து வந்தது என்றே அவர் பார்க்கவில்லை; தண்ணீர் உடைகிற சத்தம்தான் கேட்டது. திரும்புவதற்குள் எல்லாம் முடிந்து, பருந்து இரையைத் தவறவிட்டுக் கையை விரித்தாற்போல வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தது. அவள் மூன்றே மூன்று டக். கேமரா முதுகில் காட்டினாள். பருந்து நாமக்கோழியின் முதுகைப் பற்றித் தண்ணீரைவிட்டு ஒரு சாண் தூக்கியிருக்கிறது. கோழியின் அந்தப் பச்சைக் கால்கள், விரலுக்கு விரல் இலை வைத்துத் தைத்தாற்போல் இருக்குமே, அவை விரிந்து தொங்குகின்றன, ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு சொட்டு. பருந்து அதைப் பார்க்கவில்லை. படம் எடுக்கிற இவளைப் பார்க்கிறது. மஞ்சள் கண். சென்னியப்பனுக்கு ஒரு கணம் மூச்சு நின்றது, அது பறவைக்காகத்தான், அந்த ஒரு கணம் சுத்தமானது, அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. அடுத்த கணம் வயிறு எரிந்தது. திகுதிகுவென்று எரிந்தது. "போகஸ் கொஞ்சம் பின்னாடி போயிருச்சு" என்றார். போகவில்லை. கத்தி மாதிரி இருந்தது. "அப்படிங்களா" என்று அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது எரிச்சல் கொஞ்சம் அடங்கியது, அடங்கியதே என்று வெட்கமாகவும் இருந்தது.

படம் அனுப்ப இன்று சாயங்காலம் கெடு. பறவை பார்க்கிற குழுவில் வருஷா வருஷம் காலண்டர் போடுவார்கள், பன்னிரண்டு மாசத்துக்குப் பன்னிரண்டு படம். ஜனவரிப் பக்கம் ஆறு வருஷமாகச் சென்னியப்பனுடையது. பட்டறைச் சுவரில் ஆறு காலண்டரையும் ஆணியடித்து வைத்திருக்கிறார், ஆறிலும் ஜனவரி, மாசம் திருப்புவதே இல்லை. மெக்கானிக்குகள் தேதி பார்க்க வேறு காலண்டர் வைத்திருக்கிறார்கள். "சாயங்காலம் என்ற பருந்தை அனுப்பிரலாமுங்களா?" என்று வரும் வழியில் கேட்டாள். "போகஸ் கொஞ்சம் பின்னாடின்னு சொன்னீங்களே, போச்சாது, இருந்தா இருக்கட்டும், அனுப்பிப் பாக்கலாமே." அனுப்பலாமே. எதை அனுப்புவது? இல்லை, இன்னும் போய்விடவில்லை, அதுதான் அவரைக் கொல்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் அவர் கார்டு ஒன்று கெட்டுப்போனபோது கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஆள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகமிருக்கிறது: அழிச்சாலும் படம் உள்ளேதானுங்க இருக்கும், மேல புதுசா எடுக்காத வரைக்கும் திரும்ப எடுத்துரலாம், மேல எடுத்துட்டா கடவுளே வந்தாலும் முடியாது, ஒரு ஓரத்திலிருந்து வரிசையா எழுதிட்டே போகும். வரிசையாக. பருந்து இருந்தது நாற்பதில். நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு, அந்த மூன்று இடம். அவள் கேமரா நாற்பதுக்கு வருகிற வரை பருந்து உயிரோடுதான் இருக்கிறது. மாற்றுக் கார்டு ஒன்று இவர் சட்டைப் பையிலேயே, பிளாஸ்டிக் டப்பியோடு இருக்கிறது. எழுந்து இருபதடி நடந்து, இந்தா, இதைப் போட்டுக்கோ, அதைக் கொடு என்று சொன்னால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் படம் கிடைத்துவிடும். கிடைத்துவிட்டால்.

கிடைத்துவிட்டால் என்ன? இங்கேதான் அவர் மனசு ஒவ்வொரு முறையும் வந்து முட்டி நின்றது, பின்வாங்கி வேறு வழியாகச் சுற்றிவந்து மறுபடி அங்கேயே முட்டியது. பதினோரு வருஷமாக இவர் இங்கே பறவை பார்க்கிறார். எந்த வருஷம் எந்தத் தேதியில் முதல் கிளுவை வாத்து வந்தது, எந்த வருஷம் தண்ணீர் இல்லாமல் வரவேயில்லை, எல்லாம் நோட்டில் இருக்கிறது. பூங்கோதை ரிட்டயர்டு ஆகி வீட்டில் உட்கார்ந்து எட்டு மாசம்தான் ஆகிறது. சும்மா வா என்று கூட்டி வந்தது இவர், பழைய கேமராவைத் தூசி தட்டிக் கொடுத்தது இவர், அந்தச் சின்ன லென்ஸ் கல்யாண வீட்டில் படமெடுக்கத்தான் ஆகும் என்று சிரித்ததும் இவர். அவளுக்கு நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் வித்தியாசம் சொல்ல இரண்டு மாசம் பிடித்தது. மூன்றாவது மாசம் தாழைக்கோழிக் குஞ்சு ஒன்று தாமரை இலைமேல் வழுக்கி விழுகிற படம் எடுத்துக் குழுவில் போட்டாள், அறுபத்து மூன்று இதயம். அதே நாள் இவர் போட்ட கரண்டிவாயனுக்குப் பதினொன்று. அந்தப் பதினொன்றில் ஒன்று பூங்கோதை போட்டது. இதயத்தை எண்ணுகிற வயசா இது என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார், கேட்டுக்கொண்டே மறுபடி எண்ணினார். "நானூத்திப் பன்னெண்டுங்க." சரி. நானூற்றுப் பன்னிரண்டு. இன்னும் நிறைய இருக்கிறது, அவசரமில்லை. சொல்லலாம். இந்தப் பனி கொஞ்சம் விலகட்டும், அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க வருவாளே, அப்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம்.

தேத்தண்ணி கொண்டுவந்தாள். பிளாஸ்க் மூடியில் ஊற்றி இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தாள், ஸ்வெட்டருக்கு மேல் சேலை முந்தானையைத் தலையோடு போர்த்தியிருந்தாள், மூக்கு நுனி சிவந்திருந்தது. இஞ்சி காரம் தொண்டையில் இறங்கியது. வாயைத் திறந்தார். "மேக்காலே ஒண்ணையும் காணோம்" என்றார். "வருமுங்க" என்றாள் அவள், என்னவோ அவள் வீட்டு விருந்தாளிகள் மாதிரி. அந்த நிதானம்தான். அதை எங்கே பார்த்தோம் என்று அவருக்குத் தெரியும். இருபது வருஷம் இருக்கும், அவள் கம்பெனியில் செக்கிங் மெஷின் மோட்டார் நின்றுபோய்ப் பார்க்கப் போயிருந்தார். சாய்வான கண்ணாடிப் பலகை, அடியில் டியூப்லைட், அதன்மேல் துணி மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது, அவள் நிற்கிறாள். கண் நகரவில்லை. துணிதான் நகர்கிறது. சடக்கென்று காலால் பெடலை மிதித்து நிறுத்தினாள், விரலால் தொட்டாள். அவர் குனிந்து பார்த்தும் அங்கே ஒன்றும் தெரியவில்லை, ஒரு நூல் விட்டுப்போயிருந்ததாம். சுருளிலிருந்து சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து, பிரிக்கச் சுலபமாக ஒரு முனையை மடித்து, அந்த இடத்தில் ஒட்டிக் கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினாள். அம்பு இருந்தால் அந்த ரோல் கட்டிங்குக்குப் போகாது, பொறுப்பானவர் வந்து பார்த்து எடுக்கிற வரை நிற்கும். "பூங்கோதையக்கா கண்ணுக்கு ஒண்ணும் தப்பாதுங்கண்ணா" என்றான் சூப்பர்வைசர், பெருமையாக. அப்போதும் இவருக்கு ஏதோ சுருக்கென்றது. பெருமை என்றுதான் நினைத்துக்கொண்டார். இன்றைக்குத்தான் தெரிகிறது, அதுவும் இதே எரிச்சல்தான். பதினோரு வருஷமாக இவர் பறவையைத் தேடிக்கொண்டு கண்ணை ஓட்டுகிறார். அவள் முப்பது வருஷமாகக் கண்ணை நிறுத்திவைத்து ஓடுகிறதைப் பிடிக்கிறாள். சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

கூழைக்கடாக்கள் வந்து இறங்கின, ஒன்பது. வரிசையாக நீந்தி வாயை ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் விட்டன, எடுத்தன, விட்டன. டக் டக் டக் டக், அவள் விரலை எடுக்கவே இல்லை. நிறுத்து, நிறுத்து, நிறுத்து என்று அவர் மனசு கத்தியது. அவர் கையும் தன் கேமராவில் அமுக்கிக்கொண்டுதான் இருந்தது. "எத்தனை இருக்குது?" என்று அவரே கேட்டார். "இருநூத்தி எண்பத்தியேழு" என்று சொல்லிச் சிரித்தாள். இவர் அக்கறையாகக் கேட்பதில் அவளுக்குச் சந்தோஷம். அந்நேரம் கரைமேல் டாக்டர் ரங்கநாயகி வந்தார். கால்நடை டாக்டர், குழுவை நடத்துகிறவர், காலண்டருக்குப் படம் தேர்ந்தெடுப்பதும் அவர்தான். "என்ன சென்னியப்பண்ணா, இன்னைக்கு என்ன கிடைச்சுது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல், "அக்கா, சாயங்காலம் மறந்துராதீங்க. போன வாரம் கேமராவுல காட்டினீங்களே, அதை நினைச்சுட்டுப் படுத்தா எனக்குத் தூக்கமே வரல. அந்தக் கண்ணு! நம்ம அணையில இப்படி ஒரு படம் இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்லை" என்றார். யாரும் எடுத்ததில்லை. அவர் மனசில் ஆறு ஜனவரியும் ஒரே வாக்கில் சுவரிலிருந்து கழன்று விழுந்தன. "போகஸ் கொஞ்சம் பின்னாடிங்களாமா" என்றாள் பூங்கோதை. "யார் சொன்னா?" என்றார் டாக்டர். பூங்கோதை இவரைப் பார்த்தாள். இவர் லென்ஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். லென்ஸுக்குள் ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர்.

டாக்டர் போன பிறகு கட்டைவிரல் அரித்தது. வலது கட்டைவிரல். அதைப் பேண்டில் தேய்த்தார். நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தது அதுதான், ஆனால் மனசு நினைக்காதே என்று சொன்ன இடத்துக்குத்தான் முதலில் போகும். பழக்கதோஷம் என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் அந்தக் கட்டைவிரல் ஒப்புக்கொள்ளவில்லை. பூங்கோதைக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பெனியிலிருந்து வரும்போது மிச்சமிருந்த அம்புச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். படம் எடுத்து முடித்ததும் கேமராவில் கார்டு போடுகிற மூடிமேல் ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவாள். இன்னும் ஏற்றவில்லை, தொடாதே என்று அர்த்தம். ஏற்றியபின் இவர்தான் அதைப் பிரித்துப் போடவேண்டும். இத்தனை மாசமாக அப்படித்தான் நடந்தது. இன்று காலையும் அம்பு இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் சிவப்பாக, முனை மடித்து. மூடிமேல் கட்டைவிரல் பட்டபோது வழவழப்பாக இருந்தது. அவர் அதைப் பிரித்தார். முதலில் பிரித்தார், அப்புறம்தான் அழித்தார். பிரித்ததற்கும் அழித்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம்? அந்த நடுவில் தெரியுமா, தெரியாதா? தெரியாமல் எப்படிப் பிரிப்பது? கைதானே பிரித்தது, கை எல்லா ஞாயிறும் பிரிக்கிற கை. ஆனால் எல்லா ஞாயிறும் அதைச் சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் வைத்துத்தானே பிரிக்கும், காரில் பிரித்ததில்லையே. ஸ்டிக்கர் விரலில் ஒட்டிக்கொண்டு உதறியும் போகவில்லை. அவள் வருகிற செருப்புச் சத்தம் கேட்டு விரலைச் சட்டைப் பைக்குள் விட்டுத் துடைத்துக்கொண்டார். திருட்டுப் பயல் மாதிரி. மாதிரி என்ன மாதிரி.

"நூத்தி முப்பது." வெயில் ஏறிவிட்டது. பாம்புத்தாரா ஒன்று பட்டமரத்தில் இறக்கையைக் காயப்போட்டது, அதற்கு இருபது போயிற்று, உள்ளானுக்கு இன்னொரு இருபது. தொண்ணூறு. அவர் எழுந்தார். முழங்கால் மடக் என்றது. எழுந்தது எழுந்துதான், அவளிடம் போகத்தான், கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. என்னவென்று தொடங்குவது? பூங்கோதை, ஒரு தப்பு நடந்துபோச்சு. நடந்துபோச்சு என்றால் யாரோ நடத்தியது போலிருக்கிறது. நான் தப்பு பண்ணிட்டேன். பயம் அவள் திட்டுவாள் என்பதல்ல, முப்பத்தொரு வருஷத்தில் அவள் திட்டியதில்லை. பயம் அவள் கண்ணை நிறுத்திப் பார்ப்பாள் என்பது. துணி ஓடிக்கொண்டிருக்கிறவரை நூல் விட்டுப்போன இடம் தெரியாது. நிறுத்தினால் தெரிந்துவிடும். "மாமா, சும்மா நிக்காதீங்க, உங்களைப் பாத்து உள்ளான் பறந்துரும்" என்றாள் மெதுவாக. பத்தடியில் அப்படியே நின்றார்.

அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. ஆங், ஆங் என்று மூக்கால், ஒன்றன்மேல் ஒன்றாக. சென்னியப்பன் அண்ணாந்தார். பட்டைத்தலை வாத்து. இமயமலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறது. இந்த அணையில் பதினோரு வருஷத்தில் இரண்டே தடவை, அதுவும் அக்கரையில் கடுகளவாகப் பார்த்திருக்கிறார், நல்ல படம் ஒன்றுகூட இல்லை. அவருக்கு இந்த ஜன்மத்தில் வேண்டியதெல்லாம் அந்த ஒரு படம்தான் என்று எத்தனை முறை பூங்கோதையிடம் சொல்லியிருப்பார். இப்போது தலைக்கு மேலே, தென்னை உயரத்தில், பறக்கும் சத்தம் கேட்கிற கிட்டத்தில் வந்தன. ஓடிப்போய்த் தன் லென்ஸைத் திருப்பினார். லென்ஸ் நிறைய ஒரு வாத்தின் வயிறு, அடுத்து வெறும் வானம், அடுத்து ஒரு இறக்கை. பெரிய லென்ஸுக்குள் கூட்டம் அடங்கவில்லை. ஸ்டாண்டு கால் இடறியது. பக்கத்தில் பூங்கோதை வந்து நின்றாள், கழுத்திலிருந்து கேமராப் பட்டையைக் கழற்றிக்கொண்டே. "இந்தாங்க, இதுல முழுசா வருது. நீங்க எடுங்க." நீயே எடு என்று சொல்ல வாய் வந்தது. "நீங்கதானே இத்தனை வருஷமா ஏங்கிட்டுக் கெடந்தீங்க, எடுங்க மாமா, சுத்தி வருது பாருங்க." கேமரா அவள் கைச்சூட்டோடு இருந்தது. கண்ணில் வைத்தார். மூலையில் எண், அறுபத்தொன்று. இருபது எடுக்கலாம். இருபது எடுத்தாலும் பருந்துக்கு ஒன்றும் ஆகாது, இருபதோடு நிறுத்திக் கார்டை மாற்றிவிடலாம், எல்லாம் நல்லபடி முடியும், இரண்டும் கிடைக்கும், அவளிடம் சொல்லியும்விடலாம். அமுக்கினார். ஐம்பது, நாற்பத்தாறு, நாற்பத்தொன்று. விரலை எடுத்தார். எடுத்துவிட்டார், அது உண்மை. நாற்பத்தொன்று என்று கண் முன்னால் நின்றது. வாத்துகள் கிழக்கே போய் ஒரு சேரத் திரும்பின, வெயில் நேரே முகத்தில் விழுந்தது, தலையில் அந்த இரண்டு கறுப்புப் பட்டையும் எண்ணுகிற மாதிரி தெரிந்தது, அத்தனையும் காலை முன்னால் நீட்டி இறங்கத் தொடங்கின. இனி இது வராது. அவருக்கு வராது. அமுக்கினார். எண் நாற்பதைத் தாண்டியது, முப்பத்தெட்டைத் தாண்டியது, அதைப் பார்த்துக்கொண்டேதான் அமுக்கினார், கேமரா மூச்சுத் திணறி நின்றபோதுகூட விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், அது மறுபடி ஓடியது, கடைசியில் விரல் அமுங்கியும் ஒன்றும் நடக்காமல் போனபோதுதான் எண் பூஜ்யம் என்று தெரிந்தது.

"கார்டு தீந்துருச்சு" என்றார்.

பூங்கோதை கேமராவை வாங்கி முந்தானையால் வெயிலை மறைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அவள் முகம் மலர்ந்துகொண்டே போனதை அவர் பார்த்தார். "மாமா! இந்தாங்க, பாருங்க இதை. கண்ணு படப்போகுதுங்க." அவர் பார்க்கவில்லை. "இதுதானுங்க சனவரி. என்ற பருந்து பிப்ரவரியில வரட்டும், என்ன இப்ப? நானே டாக்டரம்மாகிட்டச் சொல்லிர்றேன்." தண்ணீரில் வாத்துகள் இறங்கிக் கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்த்தன. "வேற கார்டு வச்சிருக்கீங்களா? குடுங்க சீக்கிரம், உக்காந்துருச்சு பாருங்க."

பையிலிருந்து டப்பியை எடுத்து நீட்டினார். அவள் கை வாங்க வந்து நடுவில் நின்றது. அப்புறம்தான் அவரும் பார்த்தார். டப்பி மூடிமேல் சிவப்பு அம்பு, கொஞ்சம் கசங்கி, ஒரு முனை மடித்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நகரவில்லை.

"என்ற படத்தை ஏத்துனீங்களா?"

"இல்ல."

"காத்தால அழிக்கறப்ப இது மூடிமேல இருந்துச்சுங்களா? இல்ல கீழே விழுந்து கெடந்துச்சா?"

அவளே ஒரு வழியைத் திறந்து வைத்துக் கேட்டாள். விழுந்து கிடந்தது என்று சொன்னால் போதும். அவள் நம்புவாள், நம்ப வேண்டும் என்றுதான் அப்படிக் கேட்கிறாள்.

"மேலதான் இருந்துச்சு" என்றார் சென்னியப்பன். "நான்தான் பிரிச்சேன்."

"திரும்ப எடுக்க முடியாதுங்களா? அந்தக் கம்ப்யூட்டர்காரர் உங்களுக்கு எடுத்துக் குடுத்தாரே."

"முடிஞ்சிருக்கும். நாப்பதுக்கு வர்ற வரைக்கும் முடிஞ்சிருக்கும்."

"நாப்பதுக்கு." அவள் கையிலிருந்த கேமராவைப் பார்த்தாள். "உங்ககிட்டக் குடுத்தப்ப அறுவத்தொண்ணு இருந்துச்சு."

"ஆமா."

"அப்பத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

நாமக்கோழிகள் எங்கோ சண்டை போட்டுக்கொண்டன.  டப்பி மேலிருந்து அம்பை நகத்தால் நெம்பி எடுத்தாள், மடிந்த முனையை மறுபடி சரியாக மடித்தாள். ஓர் அடி முன்னால் வந்து அவர் சட்டையில், பைக்கு மேலே, அதை ஒட்டினாள். கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினாள். பிறகு புதுக் கார்டைப் போட்டு மூடியைச் சாத்திக்கொண்டு தன் இடத்துக்கு நடந்துபோய், தண்ணீரில் இறங்கியிருந்த வாத்துகளை உதட்டுக்குள் எண்ணினாள்.

"பதினேழு" என்றாள், திரும்பாமல். "எழுதிக்கங்க."

அவள் வழக்கமாகச் சொல்கிற 'மாமா' அதோடு வரவில்லை. சென்னியப்பன் கொஞ்சநேரம் காத்திருந்து பார்த்தார். அப்புறம் நோட்டை எடுத்துப் பதினேழு என்று எழுதினார்.